உடைமரத்தில் தொங்கிய கலயம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு என் காதுக்கு வந்த கதை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, சித்திரை மாதம், குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். பகலில் பேய் வருமா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். ராத்திரியில் எதையாவது பார்த்தால் இருட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். நான் பார்த்தது வெள்ளை வெயிலில். பழியைப் போட எனக்கு வேறு இடம் இல்லை.

நான் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். விடிவதற்கு முன்னால் மல்லிகை மொட்டுப் பறித்துப் பழகிய கை. அந்தக் கையில் கல் கூடையைக் கொடுத்தது என் கல்யாணம். மாப்பிள்ளை பொம்மையன், குவாரியில் வெடி வைக்கிறவர். நான் இரண்டாந்தாரம். மூத்தவள் மாயம்மாள் வாந்திபேதியில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை, குடிப் பழக்கம் இல்லை, நிரந்தர வேலை. என் அப்பாவுக்கு அது போதும். எனக்கும் போதும் என்றுதான் நினைத்தேன்.

மனிதர் நல்லவர். கை நீட்ட மாட்டார், கத்த மாட்டார். ஆனால் பேசவும் மாட்டார். வேலை முடிந்து வருவார், குளிப்பார், போட்டதைத் தின்பார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. எனக்கோ வாய் நீளம். ஆத்திரம் அதைவிட நீளம். "கல்லோட வாழ்றதுக்கா என்னையக் கட்டுனீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குவாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்போது மெஷின் எதுவும் வரவில்லை. ஆண்கள் சம்மட்டியும் கடப்பாரையுமாகப் பாறையில் துளை போடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் வெடிமருந்தைக் கிட்டித்து இறுக்கித் திரி வைப்பார். வெடித்துச் சிதறிய கல்லைப் பெண்கள் கூடையில் அள்ளி, சரிவுப் பாதையில் ஏறி, மேலே கொட்டுவோம். லாரி வந்து திண்டுக்கல் கூட்ஸ் ஷெட்டுக்கு ஏற்றிப் போகும். பொழுது சாயும்போது ஆணும் பெண்ணும் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெள்ளையாக நிற்போம். தலைக்கு எதுவும் கிடையாது, காலுக்கும் எதுவும் கிடையாது. கால் நசுங்கினால் மஞ்சளை அப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழிகளில் எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் உயிருக்குப் பயந்து ஜனங்களே வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. குழிக்கு மேலே மேட்டில் ஒரு உடைமரம். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தங்கள் கஞ்சிக் கலயத்தை அதில் மாட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். உச்சி நேரத்தில் மேலே ஏறி வந்ததும் அவரவர் கலயத்தை அவரவர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட வேண்டும். வெடிக்காரர் கடைசியாக மரத்தைப் பார்ப்பார். மரத்தில் கலயம் தொங்கினால் குழியில் ஆள் இருக்கிறது. மரம் காலியானால் குழி காலி. அப்புறம்தான் திரியில் நெருப்பு.

என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே சுந்தரம்மாள் அக்கா இதைச் சொல்லிவிட்டாள். பெண்களில் அவள்தான் மூத்தவள்.

"அடுத்தவ கலயத்த மட்டும் தொடாத கண்ணம்மா. ஒங்கூடப் பொறந்தவ கலயமா இருந்தாலும் தொடாத. எறும்பு ஏறுனா ஏறட்டும். காக்கா கவுத்தா கவுக்கட்டும்."

"தொட்டா என்னக்கா?"

"அவ கீழ இருக்கையில நீ எடுத்துட்டுப் போயிட்டா?"

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த முதல் நாள் உச்சிக்கு மேஸ்திரி நாச்சிமுத்து விசில் ஊதினார். எல்லாரும் ஏறினோம். ஆளுக்கொரு கலயத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தோம். கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி மேலே தகரம் போட்ட கொட்டகை. வெடித்து முடிகிற வரை அதற்குள்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் சிவப்புக் கொடியுடன் மேட்டில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். ஒரு கலயம் தொங்கியது. சின்னக் கலயம். வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். எல்லார் மடியிலும் கலயம் இருந்தது.

அவர் காத்துக்கொண்டே நின்றார். மேஸ்திரி வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. என் கண்ணில் தூசி விழுந்தது. கசக்கிவிட்டுப் பார்த்தால்... மரம் வெறுமையாக இருந்தது. மரத்தின் பக்கம் யாரும் போகவில்லை. கொடியை ஆட்டிவிட்டு அவர் குழிக்குள் இறங்கினார்.

மறுநாளும் அதே கலயம். அதற்கு மறுநாளும். காலையில் நாங்கள் மாட்டும்போது இருக்காது. உச்சியில் இருக்கும். அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்புறம் காணாமல் போகும்.

"அக்கா, அந்தச் செவப்புத் துணிக் கலயம் யாருது?" என்று சுந்தரம்மாளிடம் கேட்டேன்.

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கூழக் குடி. ஆறிப்போயிரும்."

காலையில் காய்ச்சிய கூழ். அது ஆறி எத்தனையோ நேரமாகியிருந்தது.

என்னவோ மறைக்கிறாள் என்று மட்டும் பிடிபட்டது. என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். பேய் பிசாசு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கலயம் இருந்தால் அதற்கு ஒருத்தி இருக்க வேண்டும். அவள் குவாரியில் வேலை செய்கிறவள் இல்லை. மதியத்தில் வருகிறாள், கஞ்சி வைக்கிறாள், எடுத்துக்கொண்டு போகிறாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தக் கலயத்தைப் பார்க்கும்போது அவர் முகம் இருக்கிறதே... அவ்வளவு பாசம், அவ்வளவு தவிப்பு. அந்த முகத்தை வீட்டில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. எனக்கு என் புருஷன் வேண்டும். நான் வேண்டியது அவ்வளவுதான்.

அன்று ராத்திரி கேட்டுவிட்டேன்.

"தெனமும் யாருக்காக நிக்கிறீங்க?"

"குழியில ஆள் இருக்கான்னு பாக்க வேணாமா?"

"எல்லாரும்தான் மேல வந்துட்டமே."

அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுதா அது?" என்றார்.

"எனக்கென்ன கண்ணு குருடா?" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. படுத்துக்கொண்டார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாமல் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

காலையில் கடைசி ஆளாக என் கலயத்தை மாட்டினேன். சிவப்புத் துணி இல்லை. உச்சிக்கு விசில் ஊதியதும் முதல் ஆளாக ஓடி ஏறினேன்.

தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றக் கலயங்களில் எல்லாம் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு எறும்பும் போகவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. என் கலயத்தோடு அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்... கிணற்றுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி.

கொட்டகைக்குப் பின்னால் போய்த் துணியை அவிழ்த்தேன். கம்பங்கஞ்சி. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பில்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லை. உப்பில்லாத சோற்றை யாருக்குப் படைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றியது வேறு. கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாதவளிடம் போய் இந்த மனுஷன் மயங்கிக் கிடக்கிறாரே என்றுதான் தோன்றியது.

கலயத்தைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினேன்.

மண் நனையவில்லை.

அப்போதாவது நான் ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலயத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்.

அவர் மேட்டில் வந்து நின்றார். மரத்தைப் பார்த்தார். காலி. நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தார். மரத்தைச் சுற்றி வந்தார். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோளில் இருந்து மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது.

கொட்டகைப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னைக்கி நல்ல நாளு புள்ள," என்றார். "செத்த நேரத்துல வந்துர்றேன். ரெண்டு பேரும் சேந்து சாப்புடுவோம்."

மூன்று மாதமாக நான் ஏங்கிய சிரிப்பு அது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"வெடி... வெடி... வெடி..."

மூன்று தடவை கூவினார். கீழே இறங்கினார். சுவர்க் கல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு துளை. நாலு திரி. ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். உஸ்... என்ற சத்தம் கொட்டகை வரை கேட்டது. கந்தக வாடை வந்தது. திரும்பிச் சரிவில் ஏற ஆரம்பித்தார். ஓடவில்லை. எப்போதும் ஓடமாட்டார். மேலே வந்து சேர நேரம் இருக்கும்படிதான் திரியை வெட்டி வைப்பார்.

பாதி தூரம் வந்துவிட்டார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன்.

ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

திரிக்குப் பக்கத்தில்... ஒரு கல்லின் மேல்... எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் கூடை. தலையில் சும்மாடு. குழி முழுக்க வெள்ளைத் தூசி. அவள் மேல் மட்டும் தூசி இல்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஏறி வந்துகொண்டிருந்தார். நான் அப்போதே கத்தியிருந்தால் என்னைப் பார்த்து ஓடி வந்திருப்பார்.

நான் கத்தவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

ஒரு மூச்சு நேரம்தான்.

"என் கலயத்தக் காணாமே..."

குழிக்குள்ளிருந்து வந்த குரல். கத்தவில்லை. பக்கத்து வீட்டில் எதையோ கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். என் காதுக்குள் கேட்டது.

அவர் நின்றார்.

திரும்பினார்.

"ஏறு... ஏறு தாயி... ஏறிரு..."

கீழே ஓடினார்.

அப்போது கத்தினேன். என்ன கத்தினேனோ தெரியாது. எழுந்து ஓடப் போனேன். சுந்தரம்மாள் என் இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டாள். கல் இடுக்கு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவர் கையை நீட்டினார்.

அவள் எழுந்தாள்.

திரும்பினாள்.

அவரைப் பார்க்கவில்லை. கொட்டகையைப் பார்த்தாள். இடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கோபமே இல்லை அந்த முகத்தில்.

டம்...

டம்...

டம்...

நாலாவது சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தூசி அடங்க வெகு நேரமாயிற்று. ஆண்கள் இறங்கினார்கள். ஒரே ஒரு ஆளைத்தான் தூக்கி வந்தார்கள். "இன்னொருத்தி இருக்கா, பாருங்க, இன்னொருத்தி இருக்கா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி எல்லாக் கல்லையும் புரட்டச் சொன்னார். கூடை இல்லை. சும்மாடு இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் எதுவும் இல்லை. மண் காய்ந்து கிடந்தது.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் சுந்தரம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

"மாயம்மா வாந்திபேதியில சாகல தாயி."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"இதே குழிதான். இதே நேரந்தான். மூணு வருசமாச்சு. வெளிய தெரிஞ்சா குவாரிய மூடிருவாகன்னு மொதலாளி எல்லார் வாயையும் அடச்சுட்டாரு. கேட்டா வாந்திபேதின்னு சொல்லுங்கன்னாரு. நாங்களும் சொன்னோம். வேல போயிருமேன்னு சொன்னோம்."

"வெடி வச்சது...?"

"அவந்தான்."

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

"மொதநா ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்ட. என்ன சண்டைன்னு அவனும் சொன்னதில்ல. காலையில அவ அடுப்புப் பத்த வைக்கல. அவன் கோவிச்சுக்கிட்டு முன்னாலயே வந்துட்டான். பெறகு அவளுக்கு மனசு கேக்கல போல. பின்னாலயே வேலைக்கி வந்துட்டா. கஞ்சி காச்சலயா, கையில கலயம் இல்ல. வெறுங்கையோட எறங்கிட்டா. ஒரு ஓரமாப் போயி உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துருக்கா. விசில் கேக்கலயோ, கேட்டும் வரலயோ. அவன் மரத்தப் பாத்தான். பொண்டாட்டி கலயம் இல்ல. வேலைக்கி வரலன்னு நெனச்சான். கொளுத்திட்டான்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அதுக்குப் பெறகு தெனமும் மரத்தப் பாத்துக்கிட்டே நிப்பான். மரத்துல ஒண்ணும் இருக்காது. இருந்தும் நிப்பான். பாவம், நின்னுட்டுப் போறான்னு மேஸ்திரியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஒண்ணும் இருக்காதா?"

"ஒண்ணும் இருக்காது."

"செவப்புத் துணி கட்டுன கலயம்?"

"மாயம்மாதான் கலயத்துல செவப்புத் துணி கட்டுவா. நீ கேட்டப்பவே எனக்கு ஈரக்கொல நடுங்குச்சு. எங்க யாரு கண்ணுக்கும் அது ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

"அக்கா... அன்னைக்கி அத எடுத்துட்டு ஒங்க முன்னாடிதான நடந்து போனேன். ரெண்டு கையிலயும் ரெண்டு கலயம்."

சுந்தரம்மாள் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"ஒரு கையிலதான் கலயம் இருந்துச்சு. இன்னொரு கைய எதையோ தூக்கிட்டுப் போறவ மாதிரி வச்சுக்கிட்டுப் போன. நான் பாத்தேன். கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

அப்புறம் நான் அந்த ஊரில் இருக்கவில்லை. திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தேன். அறுபத்து மூன்றில் குவாரிக்குத் துளை போடுகிற மெஷின் வந்ததாம், வெடிக்கு முன்னால் சங்கு ஊதுகிறார்களாம், உடைமரத்தை வெட்டிவிட்டார்களாம். யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பழி வாங்கத்தான் வந்தாள் என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. அவர்கள் அவள் முகத்தைப் பார்க்காதவர்கள். பழி வாங்குகிறவள் மூன்று வருஷம் கலயம் கொண்டு வருவாளா? முதல் தடவை கலயம் இல்லாததால்தான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதனால் ஒவ்வொரு நாளும் கொண்டு வந்து மாட்டினாள். நான் கீழே இருக்கிறேன், பொறுங்கள் என்று சொன்னாள். அவரும் ஒவ்வொரு நாளும் பொறுத்தார். செத்தவளும் உயிரோடு இருந்தவரும் அப்படி ஒரு ஏற்பாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் போய் அதை எடுத்தது நான்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இத்தனை வருஷமாகியும் விளங்கவில்லை. அவர் கண்ணுக்குக் கலயம் தெரிந்ததில் நியாயம் உண்டு. திரியைக் கொளுத்தியவர் அவர். மேஸ்திரிக்குத் தெரியவில்லை, சுந்தரம்மாளுக்குத் தெரியவில்லை, பொய் சொன்ன அத்தனை பேருக்கும் தெரியவில்லை. நான் அந்தக் குவாரியில் கால் வைத்த முதல் நாள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவள்.

முதல் நாளே அந்தக் கலயம் என் கண்ணுக்குத் தெரிந்தது.